தெரிந்த பாட்டுக்குக் காத்திருத்தல்

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்பு வாவியோரம் கல்லடியில் இருக்கிறேன். வயது இருபத்து மூன்று. ‘ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்’ என்ற அனிமேஷன் படம் 2010-இல் வந்தபோது எனக்கு எட்டு வயது. மாமா கொண்டுவந்த சீடியில் பார்த்தேன். அதற்கு ஜோன் பவல் அமைத்த இசை அன்று என்னைப் பிடித்தது, இன்னும் விடவில்லை. நான் கீபோர்ட் பழகியதே அந்தப் பறக்கும் காட்சியின் மெட்டை வாசிப்பதற்காகத்தான். இப்போது அதே கதையை நடிகர்களை வைத்து மறுபடி எடுத்திருக்கிறார்கள். வரும் 2025 ஜூன் மாதம் வெளிவருகிறது. அதே டீன் டிபுளோய்ஸ் இயக்கம், அதே ஜோன் பவல் இசை. ட்ரெய்லரை நாற்பது தடவைக்கு மேல் கேட்டுவிட்டேன். பழைய மெட்டுகளையே திரும்பப் போட்டால் அது சோம்பேறித்தனம் என்று தோன்றுகிறது. மாற்றினால் மன்னிக்கவே மாட்டேன் என்றும் தோன்றுகிறது. எது சரி? ஒரு படத்தின் இசைக்காக இப்படிக் காத்திருப்பது சிறுபிள்ளைத்தனமா?

நம்முடைய மண்ணில் இப்படிக் காத்திருந்து கேட்க என்ன இசை இருக்கிறது? கூத்தில் விடிய விடிய ஒரே தகதிமிதான். பழைய படத்தின் இசைக்கு ஒஸ்கார் கொடுக்காமல் விட்டது அநியாயம் இல்லையா? நீங்கள் நம் வாவியின் பாடும் மீனைக் கேட்டிருக்கிறீர்களா? உங்களுக்குப் பிடித்த இசையமைப்பாளர்கள் யார்?

அன்புடன்,
கல்லடியிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த இசை ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. அதனால் அதில் ஒரு சுரமும் குறைந்துவிடவில்லை. பாடும் மீனைப் பற்றி மட்டக்களப்பில் எழுதுகிற எல்லாரிடமும் கேட்கிறார்கள். நீங்கள் கல்லடியிலேயே இருக்கிறீர்கள். ஒரு பூரணை இரவில் தோணியில் போய், துடுப்பை நீரில் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வையுங்கள். என்னிடம் கேட்டு அறிகிற விஷயம் இல்லை அது. பிடித்தவர்களின் பட்டியல் போடும் பழக்கம் எனக்கு இல்லை.

காத்திருப்பது சிறுபிள்ளைத்தனமா என்று எழுதிய வரியில் ஒரு கூச்சம் தெரிகிறது. கூச்சப்படாதீர்கள். எட்டு வயதில் காதில் விழுந்தது பதினைந்து வருடமாக உங்களோடு இருக்கிறது. அதற்காக உட்கார்ந்து விரல்களைப் பழக்கியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் உங்களை நேரில் பார்க்கவேண்டும் என்று இருந்தது. நானும் இந்த மாதங்களில் ஓர் இசைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் நெடுநாளைக்குப் பிறகு, மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்துப் பழக்குகிறார்கள். வெள்ளியும் சனியும் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு மத்தளச் சத்தம் எங்கள் வளவு வரைக்கும் வரும். நான் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்பேன். உங்கள் கடிதம் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான்.

நீங்கள் சொல்லும் படத்தைப் பேரனோடு உட்கார்ந்து சில தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு இடங்கள் மனதில் நிற்கின்றன. பையன் மணலில் குச்சியால் டிராகனின் முகத்தைக் கீறுகிறான். அதைப் பார்த்த டிராகன் ஒரு மரக்கிளையை முறித்துக் கொண்டுவந்து தானும் மணலில் கோடு இழுக்கிறது. பேச்சே இல்லை. சிறு மணிகளைத் தட்டுவது போன்ற சில சுரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, அவற்றின்மேல் ஒன்றொன்றாக மற்ற ஒலிகள் ஏறுகின்றன. கடைசியில் பையன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறான்.

மற்றது உங்களுடைய பறக்கும் காட்சி. டிராகனின் செயற்கை வால் சிறகை எந்த நிலையில் வைத்தால் எப்படித் திரும்பும் என்று பையன் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறான். அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துப் பறக்கிறான். நடுவானில் பிடி விட்டுப்போய் இருவரும் தனித்தனியே விழுகிறார்கள். மறுபடி ஏறிக்கொள்ளும்போது எதிரே பாறைகள். தாளைப் பார்க்க நேரமில்லை, வீசிவிடுகிறான். பிறகு காலும் சிறகும் தாமாகவே ஒத்துப்போகின்றன. அங்கே எழும் இசை நமக்கு முற்றிலும் புதியது போல ஒலிப்பதில்லை. படம் தொடங்கிய முதல் நிமிடங்களிலிருந்தே பவல் தன் மெட்டுகளைத் துண்டு துண்டாக நம் காதில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மெட்டு வந்து சேரும்போது, இதற்காகத்தானே இருந்தோம் என்று உடம்பு சொல்கிறது.

இதையெல்லாம் கேட்கத் தெரிந்த ஒருவர், “கூத்தில் விடிய விடிய ஒரே தகதிமிதான்” என்று எப்படி எழுதினீர்கள்? எத்தனை கூத்தை விடிய விடியப் பார்த்திருக்கிறீர்கள்? ஒன்றையாவது தொடக்க வணக்கமான காப்புப் பாட்டிலிருந்து கடைசி வரைக்கும்? ஒரு ட்ரெய்லரை நாற்பது தடவை கேட்கும் பொறுமை உங்களிடம் இருக்கிறது. அந்தப் பொறுமையில் ஓர் இரவைக் கன்னன்குடாவிலோ முனைக்காட்டிலோ கூத்தாடும் வட்ட அரங்கான ஒரு களரியோரம் செலவிட்டிருந்தால் இந்த வரி உங்கள் கையில் வந்திராது. பவலின் இசையில் ஸ்கொட்லாந்துக்காரரின் பைக்குழல் வருகிறது, பிடில் வருகிறது. தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரர்கள் ஊதியதும் இழுத்ததும்தான் அவை. அது உங்களுக்கு மயிர்க்கூச்செறிகிறது, எனக்கும்தான். தூரத்து ஊராரின் குழலுக்குக் கொடுக்கும் காதைப் பக்கத்து ஊர் மத்தளத்துக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதே என் கோபம்.

என் அம்மப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்கி மத்தளம் வாசிக்கும் ஆசான். 1974-இல் எனக்குப் பத்து வயது. அந்த வருடம் எங்கள் ஊரில் கூத்துப் பழக்கினார்கள். அரங்கேற்றத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது மத்தளத்தின் ஒரு பக்கத் தோல் விட்டுப்போனது. தோல் மாற்ற வாவிக்குக் கிழக்கே இருக்கும் எழுவான்கரைக்குக் கொண்டுபோகவேண்டும். மண்முனைப் பாலம் 2014-இல்தான் திறந்தார்கள். அப்போதெல்லாம் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடப்பது. மத்தளத்தை அம்மம்மாவின் பழைய சீலையில் சுற்றி என் மடியில் வைத்திருந்தார்கள். போகும்போது கனக்கவில்லை. திரும்பி வரும்போது மாலையாகிவிட்டது. பாதையில் பத்துப் பதினைந்து பேர், இரண்டு சைக்கிள், ஒரு கூடை வெற்றிலை. நடு வாவியில் அம்மப்பாவுக்குப் பொறுக்கவில்லை. சீலையை ஒரு பக்கம் ஒதுக்கி, புதுத் தோலில் நடுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்தார். வாரை முறுக்கி மறுபடி தட்டினார். மூன்றாவது தட்டு, ராசா களரிக்குள் நுழையும்போது வாசிக்கும் வரவுத் தாளமாக மாறிவிட்டது. அது அவரை அறியாமல் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

வெற்றிலைக் கூடைக்காரர் வரவுப் பாட்டின் முதல் அடியை எடுத்தார். மற்றவர்கள் பின்னால் பாடினார்கள். பாதை இழுப்பவரும் பாடினார். அவர்களில் பலர் கூத்தாடுகிறவர்களே அல்ல. மாதக்கணக்காகப் பழக்கம் நடக்கும் ஊரில் இருந்தவர்கள், அவ்வளவுதான். இரண்டாவது அடி முடிவதற்குள் அம்மப்பா உள்ளங்கையைத் தோலின்மேல் வைத்துச் சத்தத்தை நிறுத்தினார். “இன்னும் நாள் இருக்கிறது” என்றார். சீலையை இழுத்து மூடிவிட்டார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கரை வரும்வரை தண்ணீரில் மரக்கோல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. என் மடியில் மூடிக் கிடந்த மத்தளம் இப்போது கனத்தது.

தம்பி, உங்கள் கடிதத்துக்கு நான் சொல்ல வந்தது அந்தப் பாதையில் இருக்கிறது. அந்தப் பாட்டு அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். கூத்தில் ஆடுவோருக்கு அவரவர் பாட்டைப் பிரித்துச் சட்டம் கொடுத்த நாளிலிருந்து காலில் சதங்கை அணியும் நாள் வரை, அதன் பிறகு முழுக் கூத்தையும் ஒத்திகையாக அடுக்குப் பார்க்கும் இரவு வரை, ஊர் முழுக்க ஒவ்வொரு அடியையும் கேட்டுக்கொண்டே படுக்கும், கேட்டுக்கொண்டே எழும்பும். தண்ணீர் அள்ளும் பெண்கள் வாயில் அது இருக்கும். அரங்கேற்ற இரவில் யாருக்கும் அடுத்த பாட்டு என்னவென்று தெரியாமல் இருப்பதில்லை. கதை பாரதத்திலிருந்து வந்தது, அதுவும் தெரியும். ஆனாலும் அன்றைக்குப் பின்னேரமே பாயைக் கொண்டுபோய் இடம் பிடிப்பார்கள். தெரிந்ததற்காகத்தான் காத்திருந்தார்கள். தெரியாத ஒன்றுக்காக இத்தனை ஏக்கத்தோடு மனிதன் காத்திருப்பானா? பழைய மெட்டையே போட்டால் சோம்பேறித்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழைய மெட்டு இல்லாவிட்டால் நீங்கள் எதற்காகக் காத்திருப்பீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

களரியில் ராசா உடனே வரமாட்டார். முதலில் கட்டியகாரன் வந்து ஆடிப் பாடி, ராசா வரப்போகிறார் என்று சொல்லிப் போவான். மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் வரவுத் தாளத்தைப் பிடிக்கும். உடுப்பு உடுக்கும் இடத்திலிருந்து சதங்கைச் சத்தம் கேட்கும், ஆளைக் காணாது. கூடைபோல் விரிந்த கரப்புடுப்பும் கிரீடமும் இருட்டில் அசைவது மட்டும் தெரியும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பிள்ளைகள் நித்திரையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கு முன் இசை வந்துவிட வேண்டும் என்பது கூத்தில் விதி. உங்கள் பவல் செய்வதும் அதைத்தான், வேறு வாத்தியங்களோடு.

இனி ‘ஒரே தகதிமி’க்கு வருகிறேன். இதை விடமாட்டேன். கூத்தில் ஆடுபவர் ஓர் அடியைப் பாடியதும் அண்ணாவியாரும் பக்கத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரரும் அதையே திரும்பப் பாடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சும்மா திரும்பச் சொல்வது. களரிக்குள் நின்று பாருங்கள். அந்த ஆள் பாரமான உடுப்போடு வட்டமாக ஆடிக்கொண்டே பாடுகிறான், ஒலிவாங்கி இல்லாமல், கடைசிப் பாயில் இருக்கும் கிழவிக்கும் கேட்கும்படி. ஓரடி பாடி முடித்ததும் நெஞ்சில் மூச்சு இல்லை. பிற்பாட்டு அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் அவன் காலை மட்டும் ஆட விட்டு மூச்சை எடுக்கிறான். அண்ணாவியாரின் கண் அவன் வாயில் இல்லை, நெஞ்சில் இருக்கும். மூச்சு இன்னும் திரும்பவில்லை என்று கண்டால் பிற்பாட்டை மேலும் ஒரு சுற்று நீட்டுவார். மத்தளத்தில் தீர்மானம் என்ற முடிப்புத் தாளம் ஒன்று கூடுதலாக விழும். தயார் என்று கண்டால் விட்டுக்கொடுப்பார். ஆகவே எந்த இரண்டு இரவும் ஒரே அளவாக இருந்ததில்லை. நீங்கள் ஒரே தகதிமி என்று சொன்னது ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு மூச்சு வாங்க இடம் கொடுப்பது. அதைக் கேட்டுவிட்டு அலுப்பாக இருந்தது என்று சொல்லுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன். கேட்காமல் சொல்லாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஒரு விழாவுக்கு அழைத்தார்கள். நாற்பது நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும் என்றார்கள். எங்கே குறைப்பது என்று பார்த்தவர்கள், “ஒரே வரிதானே இரண்டு தரம் வருகிறது” என்று பிற்பாட்டை வெட்டினார்கள். மேடையில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் ஆடிக்கொண்டே நான்கு அடிகளைத் தொடர்ந்து பாடினான். மூன்றாவது அடியில் குரல் உடைந்தது. நாலாவதை வாயசைத்தான். கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்தப் பிள்ளை இறங்கி வந்து பின்னால் ஒரு தண்ணீர்ப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. “எனக்குச் சத்தம் போதாது, இல்லையா?” என்று கேட்டான். அவனுடைய குறை என்று அவனே நம்பிவிட்டான்.

குறைப்பதையே நான் எதிர்க்கவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விடிய விடிய ஆடும் கூத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார், வட்டக் களரியிலிருந்து முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். அதற்காகத் திட்டியவர்கள் உண்டு. ஆனால் அவர் மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை அழைத்து மாணவர்களுக்கு முன் நிறுத்திவிட்டுத்தான் அதைச் செய்தார். அப்போது ‘இராவணேசன்’ நாடகத்தில் மாணவராக இராவணனாய் ஆடியவர் எங்கள் சி. மௌனகுரு. பல வருடங்கள் கழித்து மட்டக்களப்பில் இளையவர்களை வைத்து அதே நாடகத்தை அவரே புதிதாக இயக்கினார். ஆட்கள் வேறு, காலம் வேறு, ஆட்டமும் கொஞ்சம் வேறு. உங்கள் டிபுளோய்ஸ் தன்னுடைய பழைய படத்தைத் தானே மறுபடி எடுப்பதை ஏதோ புதுமை என்று பலர் பேசுகிறார்கள். நமக்கு அது பழக்கமான காரியம். ஒரு கூத்தை ஒருமுறை ஆடி மூடிவைப்பது நம் வழக்கத்திலேயே இல்லை.

மூடிவைக்க நேர்ந்த காலமும் இருந்தது. 1990-க்குப் பிறகு பல வருடங்கள் எங்கள் ஊரில் இரவில் மத்தளம் கேட்கவில்லை. பொழுது பட்டால் முற்றத்தில் நிற்கவே பயம், களரி எப்படிப் போடுவது? அம்மப்பா 1993-இல் போய்விட்டார். மத்தளம் கூரை வளையில் தொங்கியது. அகதியாகப் போய்த் திரும்பி வந்தபோது தோலை எலி கடித்திருந்தது. கட்டை மட்டும் நன்றாக இருந்தது. 2002-இல் போர்நிறுத்தம் வந்த பிறகு, அடுத்த வருடம், அவரிடம் பழகிய ஒருவர் அந்தக் கட்டைக்குத் தோல் போட்டார். பழக்கத்தின் முதல் இரவு. களரியில் ஆடுபவர்கள் இன்னும் வரவில்லை. அவர் வரவுத் தாளத்தை ஒரு சுற்று வாசித்துப் பார்த்தார். என் அம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். உதட்டை மட்டும் அசைத்துப் பாட்டின் முதல் அடியைப் பாடினார். பக்கத்துப் பாயில் இருந்த மாமி இரண்டாவது அடியைப் பாடினார். பதின்மூன்று வருடம் ஒருவர் வாயிலும் வராத பாட்டு. ஒரு சொல்கூட மாறவில்லை. மாறியிருந்தால் அம்மா அழுதிருக்கமாட்டார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ட்ரெய்லரைக் கேட்டு ஒன்றும் தீர்மானிக்காதீர்கள். ட்ரெய்லருக்குப் பெரும்பாலும் வேறு ஆட்கள் வேறு அவசரத்தில் இசை கோர்ப்பார்கள். அதையே தேய்த்துக்கொண்டிருந்தால் படத்தில் அந்த மெட்டு வரும்போது உங்கள் காது களைத்துப்போயிருக்கும். நிறுத்துங்கள். படம் வரும்வரை பழைய இசையையும் கேட்காதீர்கள், கீபோர்டிலும் வாசிக்காதீர்கள். மூடிவையுங்கள்.

அதே கை மறுபடி அதைத் தொடுகிறது என்பதற்கும் மகிழுங்கள். எல்லா மீளெடுப்புக்கும் அது வாய்ப்பதில்லை. 2005-இல் ‘கிங் காங்’ மறுபடி வந்தபோது ஹோவர்ட் ஷோர் இசையமைத்துக்கொண்டிருந்தார். படம் வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதமே இருந்த நிலையில் அவர் விலக, ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் சில கிழமைகளுக்குள் முழு இசையையும் எழுதிக் கொடுத்தார். பவலுக்கு அந்த நெருக்கடி இல்லை. தான் பெற்ற பிள்ளையை இத்தனை வருடம் கழித்துத் தூக்குகிறார். பழைய மெட்டைப் போடுவாரா என்று பார்க்காதீர்கள், போடுவார். அனிமேஷன் பையனுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை. இப்போது வருவது எலும்பும் சதையுமான ஒரு நடிகன். அவன் தாளை வீசுவதற்கு முன் பவல் எவ்வளவு நேரம் விடுகிறார், அந்த மெட்டை எந்த இடத்தில் நீட்டுகிறார், எங்கே விட்டுக்கொடுக்கிறார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். நான் பேரனோடு பிறகுதான் பார்ப்பேன்.

அதற்கு முன் ஒன்று. எங்கள் ஊரில் அடுத்த சனிக்கிழமை அடுக்குப் பார்க்கிறார்கள். மண்முனைப் பாலத்தைத் தாண்டியதும் யாரிடமும் கூத்து நடக்கும் இடத்தைக் கேட்டால் காட்டுவார்கள். பொழுது பட்ட பிறகு பஸ் இல்லை, விடிந்துதான் திரும்பலாம். பாய் கொண்டுவர வேண்டாம், எங்கள் வீட்டில் இருக்கிறது. ராசாவாக ஆடுபவன், அந்தத் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைதான். பிற்பாட்டுக்கு ஆள் குறைவாக இருக்கிறது. கீபோர்ட் பழகிய காது உங்களுக்கு இருக்கிறது, அவன் பாடும் அடியை வாங்கிப் பாட ஓர் இரவு போதும்.